இருபதரை அங்குலம்

அன்புள்ள மகனே,

செங்கல்பட்டில் ஒரு கல்யாணம் என்று போன வாரம் உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே கல்யாணம் எதுவும் இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெரம்பலூரில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து, மகாபலிபுரத்தைத் தாண்டி உன் பழைய முதலாளியின் கடைக்குத்தான் போனேன். கொட்டகையில் அளவெடுக்கும் காலிப்பரைக் காணோம் என்று அன்றைக்கு உன் அப்பாவிடம் நீ சண்டை போட்டாயாம். அது என்னிடம் இருந்தது. பையில் அடங்காததால் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, “என்னம்மா, துப்பாக்கியா?” என்று கேட்டார். “அதைவிடக் கொஞ்சம் நல்லா வேலை செய்யும்” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் வீட்டிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ “விடும்மா” என்பாய். உன் அப்பாவும் அதையே சொல்வார். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து, இரைச்சலுக்குப் பழகி, வீட்டுக்கு வந்தால் அமைதி வேண்டும் என்று கேட்கிற மனிதர் அவர். நான் அப்படி இல்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் செய்தி சேகரித்தே தலை நரைத்தவள். லாரி விபத்து, மக்காச்சோளத்தில் புழு, வெங்காய விலை, சுண்ணாம்புக்கல் சுரங்கத் தூசி என்று எழுதி எழுதிப் பழகிய கைக்கு ஒன்று தெரியும். ஒரு மனிதனைப் பலர் முன்னால் பொய்யாக அவமானப்படுத்தினால், பதிலையும் பலர் முன்னால்தான் சொல்ல வேண்டும். சமையலறையில் சொல்லும் பதில் சமையலறையோடு போய்விடும். அதனால்தான் இதை உன் கையில் கொடுக்காமல் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அச்சில் வருவதால், உன்னைத் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் வேலை என்று நீ கடற்கரைக்குப் போனாய். அங்கிருந்து அலைச்சறுக்குப் பலகை செய்யும் பட்டறைக்கு மாறினாய். அலையின் மேல் நின்று போகிறார்களே, அந்தப் பலகை. நுரைபோன்ற ஃபோம் கட்டையைச் சீவி, இழைத்து, உரு கொண்டுவந்து, அதன் மேல் ஃபைபர் துணி போர்த்தி, கண்ணாடிபோல இறுகும் ரெசின் என்ற பிசினை ஊற்றுவது. குன்னத்தில் இருக்கும் நமக்குக் கடலே பக்கத்தில் இல்லை. நீ முதல் பலகையின் படத்தைப் போனில் அனுப்பியபோது எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டு, “இஸ்திரிப் பலகையா? இம்மாம் பெருசா யாரு சட்டைக்கு?” என்று கேட்டாள். எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்.

அந்த முதல் பலகையில் நீ ஒரு தப்பு செய்தாய். நம் வீட்டுப் பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தப்பு. உன் சித்தப்பாவுக்குப் பெரம்பலூரில் தையல் கடை. பள்ளி விடுமுறை முழுவதும் நீ அங்கேதான் கிடந்தாய். அளவு எடுப்பதென்றால் உனக்குத் தெரிந்தது சித்தப்பாவின் இஞ்ச் டேப்தான். கழுத்தில் மாலைபோலத் தொங்கும் அந்த டேப்பையே கடற்கரைக்கும் கொண்டுபோனாய். பலகையின் மேல்பக்கம் நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிந்தும் இருக்கும். அதன் மேல் டேப்பைப் படியவிட்டு, சட்டைக்கு மார்பு அளவு எடுப்பதுபோல அகலத்தை எடுத்தாய். வளைவின் மேல் ஏறி இறங்கிய டேப் அரை அங்குலம் கூடுதலாகக் காட்டியது. கூடுதலாக இருப்பதாக நினைத்து நீ ஓரங்களை இழைத்துத் தள்ளினாய். கடைசியில் பலகை, வாடிக்கையாளர் கேட்ட அகலத்தைவிட அரை அங்குலம் ஒடுங்கிப்போனது. பட்டறையே சிரித்தது. “டேய், இது என்ன பனியனா?” என்று கேட்டார் முதலாளி. அன்றிலிருந்து உன் பெயர் ‘டெய்லர்’. சம்பள நாளிலும் டெய்லர், திட்டும்போதும் டெய்லர், வாடிக்கையாளர் முன்னாலும் டெய்லர்.

நீ அதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாய். உன் சித்தப்பா சிரிக்கவில்லை. “டெய்லர்னா அவனுக்கு என்னா எளக்காரமா? ஒடம்பு வளைஞ்சிருக்கு, துணியும் வளையுது, டேப்பும் வளையுது. அவன் பலகைக்கு அது சரிப்படலன்னா டேப்பு மேல என்னா தப்பு?” என்று கத்தினார். கடையில் ஜாக்கெட் வாங்க வந்திருந்த பெண் பயந்துபோய் நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது, அப்பாவும் நீயும் கொட்டகையில் உட்கார்ந்து காலிப்பரைச் செய்தீர்கள். நீளமான இரும்பு ஸ்கேல்; ஒரு முனையில் செங்குத்தாக நிற்கும் அசையாத கை, அதற்கு எதிரே நகரும் இன்னொரு கை. இரண்டு கைகளும் பலகையின் இரண்டு ஓரங்களையும் தொட்டு நிற்கும். வளைவு மேலே கிடக்கட்டும். ஓரத்துக்கும் ஓரத்துக்கும் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் ஸ்கேல் சொல்லும். நகரும் கை ஆடக்கூடாது என்று அப்பா அதை எத்தனை முறை கழற்றி மாட்டினார் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு உன் கையில் அளவு தப்பியதே இல்லை. முன்முனையான மூக்கிலிருந்து ஓர் அடி உள்ளே அகலம், பின்முனையான வாலிலிருந்து ஓர் அடி உள்ளே அகலம், நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமமா என்பது, கனம், கவிழ்த்துப்போட்டு நேர்ச்சட்டம் வைத்தால் மூக்கும் வாலும் எவ்வளவு தூக்கி நிற்கின்றன என்பது. போனில் நீ சொல்லச் சொல்ல எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எல்லா அளவையும் எடுத்து, பலகையின் நடுவில் ஓடும் மெல்லிய மரச்சட்டத்தின் மேல் பென்சிலால் எழுதி, கீழே உன் பெயரையும் எழுதுவாய். அதன் மேல் ரெசின் ஊற்றிவிட்டால் அந்த எழுத்தைப் பலகையை உடைக்காமல் யாரும் அழிக்க முடியாது.

வாடிக்கையாளர்கள் அதைப் படிக்கத் தொடங்கினார்கள். பிரச்சினை அங்கேதான். போட்டிகளுக்குப் போகிற புதுச்சேரி இளைஞர் ஒருவர், “என் போர்டை அவரே செய்யட்டும்” என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னொருவர் கேட்டார். முதலாளியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று ஊகிக்க முப்பது வருட அனுபவம் தேவையில்லை.

புதுச்சேரிக்காரர் கேட்ட அகலம் இருபதரை அங்குலம். நீ செய்து முடித்து, வாலுக்கு அருகே மஞ்சள் பட்டை ஒன்று போட்டு, எனக்குப் படம் அனுப்பினாய். நம் கொல்லைப் பருத்திப் பூவின் மஞ்சள். அந்த நிறம் வரும்வரை கலந்துகொண்டே இருந்ததாகச் சொன்னாய். அவர் வாங்க வந்த நாளில் பட்டறையை ஒட்டிய கடையில் கூட்டம். முதலாளி தன் மேசையிலிருந்து ஓர் இஞ்ச் டேப்பை எடுத்தார். பலகையின் மேல் அதைப் படியவிட்டார். வளைவோடு ஏற்றி இறக்கினார். “இருபத்தொண்ணு. பாத்துக்கங்க எல்லாரும். டெய்லர் திரும்பவும் சட்டை தச்சிட்டாரு” என்றார்.

“அண்ணே, டேப்பை வளைக்காம புடிங்க. காலிப்பர்ல பாருங்கண்ணே” என்று நீ சொன்னாய்.

“சோளக்காட்டுலேர்ந்து வந்து எனக்குக் கடல் பாடம் எடுக்கறான்” என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. புதுச்சேரிக்காரர் பலகையை வாங்காமல் போனார். முதலாளி உன்னை அப்போதே கணக்கு முடித்துக் கிளம்பச் சொன்னார். ஒரு காலத்தில் நீ தெரியாமல் செய்த தப்பை, அவர் தெரிந்தே செய்து, அதை உன் தலையில் கட்டினார். அளவு தெரியாமல் தப்பு செய்தவனை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சரியான அளவு இதுதான் என்று தெரிந்தும் பொய்யான அளவைச் சொன்னவனை மன்னிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இப்படிக் கடிதம் எழுதும் பெற்றோர் பாதிக் கடிதத்தில் தங்கள் தவறுகளைச் சொல்லி அழுவது உண்டு. என்னிடமும் தவறுகள் உண்டு. இந்தக் கடிதத்தில் அவற்றுக்கு இடம் இல்லை.

நீ வீட்டுக்கு வந்து சோளம் போட்டுவைக்கும் கொட்டகையைக் காலி செய்தாய். பெரம்பலூர் பார்சல் ஆபீஸில் ஃபோம் கட்டை வந்து இறங்கியது. “தண்ணியில்லாத ஊர்ல படகு செய்யறான்” என்று ஊர் பேசியது, பேசட்டும். ஒன்றிரண்டாகப் பலகைகள் இங்கிருந்து போயின. அப்புறம் ஒருநாள் முதலாளியின் போன். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “டேய் டெய்லர், பழசெல்லாம் மறந்துடு. நல்ல ஆளே கெடைக்கலடா. வந்துடு.” மன்னிப்பு என்ற சொல்லோ, தப்பு என்ற சொல்லோ அதில் வரவில்லை. நீ போனை வைத்துவிட்டு, “போலாம்னு இருக்கேம்மா. இங்க செஞ்சத அலையில விட்டுப் பாக்க முடியல. கண்ணக் கட்டிக்கிட்டு சமைக்கற மாதிரி இருக்கு” என்றாய். அந்தக் காரணம் நியாயமானது. அதனால்தான் உன்னைத் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் நடந்ததை இனி வரிசையாகச் சொல்கிறேன். நான் போனபோது அலைச்சறுக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். முதலாளி நடுவயது மனிதர், நல்ல உடற்கட்டு, மரியாதையாகப் பேசினார். “வாங்கம்மா, உக்காருங்க. யாருக்குப் பாக்கறீங்க?” என்றார். “பையனுக்கு” என்றேன். அது உண்மைதான். சுவரைப் பார்த்தேன். மரக்கட்டைகளின் மேல் கிடைமட்டமாக ஒரு பலகை மாட்டியிருந்தது. வாலருகே பருத்திப் பூ மஞ்சள். போனில் எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்த பட்டை. நடு மரச்சட்டத்தின் மேல், நீ பென்சிலால் எழுதும் இடத்தில், கடையின் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

செய்தியாளர் வேலையில் ஆத்திரம் வந்தால் கேள்வியைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். “இது அகலம் எவ்வளவுங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“இருபதரை. நம்ம கடையிலேயே பக்காவான போர்டு இதுதாம்மா. அளவுன்னா எப்படி இருக்கணும்னு பசங்களுக்குக் காட்டறதுக்கே மாட்டி வெச்சிருக்கேன். விக்கறதுக்கு இல்ல.”

பையிலிருந்து உன் சித்தப்பாவின் டேப்பை எடுத்து நீட்டினேன். “கொஞ்சம் அளந்து காட்டுங்களேன்.”

அவர் அதை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டார். காத்திருந்தவர்களையும் பார்த்துச் சொன்னார்: “எல்லாரும் செய்யற தப்பு இது. டேப்பு போட்டு அளக்கவே கூடாது மேடம். மேல வளைவு இருக்கு பாருங்க, அது மேல ஏறி எறங்குனா டேப்பு அரை இன்ச் சேத்துக் காட்டும். தெரியாதவன் ஏமாந்துடுவான்.”

மகனே, வாழ்க்கையில் பல அதிகாரிகளைப் பல கேள்விகளால் மடக்கப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு ஒத்துழைத்ததில்லை.

வேட்டியைப் பிரித்துக் காலிப்பரை எடுத்தேன். பலகையை இறக்கி மேசையில் வைக்கச் சொன்னேன். அவரே இறக்கி வைத்தார். உன் அப்பா ஆடாதபடி பொருத்திய அந்தக் கையை மெதுவாக நகர்த்தி, இரண்டு ஓரமும் தொட்டதும் நிறுத்தினேன். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “எம்மா, எனக்குக் கண்ணு சரியில்ல, நீ படி” என்றேன். “இருபதரை ஆன்ட்டி, கரெக்டா இருக்கு” என்றாள் அவள். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவர் வாயால் வர வேண்டும் என்று நினைத்தேன்.

“அப்ப என் பையன் சரியாத்தான் அளந்திருக்கான்” என்றேன்.

“யாரும்மா உங்க பையன்?”

“நீங்க டெய்லர்னு கூப்புடுவீங்களே.”

அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று எழுத மாட்டேன். முகத்தை எழுதினால் என் கோபம் கலந்துவிடும். அவர் கை டேப்பைச் சுருட்டத் தொடங்கியது. சுருட்டி, அவிழ்த்து, மறுபடியும் சுருட்டியது. அதுவரை மட்டும் பார்த்தேன். அந்தப் பெண் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன், குரல் உயர்த்தாமல், உன் பெயரோடு, மேலே எழுதியிருக்கிற அதே வரிசையில். இருந்த எல்லோரும் கேட்டார்கள். இரண்டு தரப்பையும் கேட்காமல் நான் செய்தி எழுதியதில்லை, அவரிடமும் கேட்டேன். “நீங்க என்ன சொல்றீங்க?” அவர் சொன்ன பதில் இது: “அது பிசினஸ்மா. அவன் பேரச் சொல்லிக் கேக்க ஆரம்பிச்சா எங்க கடை என்னாவறது?” ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. ஒன்றையும் விடவில்லை.

அப்போது அந்தப் பெண் ஸ்டிக்கரைத் தொட்டு, “இதுக்குக் கீழ என்ன சார்?” என்று கேட்டாள். அவர் கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் கடற்கரைக்குக் கிளப்பினார். போகும்போது அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் அதை உரித்திருக்கலாம். கை அதுவரை போனது. உரிக்கவில்லை.

மகாபலிபுரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். திண்டிவனம் தாண்டி விழித்தபோது ஆத்திரம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை. இன்னும் வேண்டும் என்றுதான் இருந்தது. பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்கிறவர்கள் பாதியில் நிறுத்தியவர்களாக இருக்க வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா வண்டியோடு நின்றார். வேட்டிச் சுருட்டைப் பார்த்தார். அதை வாங்கி, பிரித்து, நகரும் கை ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு, “கல்யாணச் சாப்பாடு எப்புடி?” என்று கேட்டார்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றேன்.

“அப்ப இன்னொரு தடவ போவ” என்றார். வீடு வரும்வரை வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தார். முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

நான் இன்னொரு தடவை போகப்போவதில்லை. இனி போகப்போகிறவன் நீ. அதற்குள் இந்த இதழும் அங்கே போய்ச் சேரும். ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் அவர் பெயரையும் எழுதவில்லை. படிக்க வேண்டியவருக்குத் தெரியும். மற்ற வாசகர்களில் யாராவது அந்தக் கடற்கரைப் பக்கம் போனால், வாலில் பருத்திப் பூ மஞ்சள் போட்ட பலகை சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். அகலம் எவ்வளவு என்று கேளுங்கள். சரியாகத்தான் சொல்வார். செய்தது யார் என்றும் கேளுங்கள்.

மகனே, அவரை மன்னிப்பதா வேண்டாமா என்பது உன் பாடு. உன் அப்பாவின் ரத்தம், நீ மன்னித்துவிடுவாய். பட்டறையில் சேர்ந்து உட்கார்ந்து டீயும் குடிப்பாய். குடி. அலையில் விட்டுப் பார்த்து, இன்னும் நல்ல பலகைகள் செய். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். போன முதல் நாள், வேலை தொடங்குவதற்கு முன், சுவரிலிருந்து அந்தப் பலகையை இறக்கி மேசையில் வைக்கச் சொல். பட்டறை ஆட்கள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல். அன்று சிரித்தவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்டிக்கரை நீ உரிக்காதே. அவர் உரிக்கட்டும், தன் நகத்தால். பழைய ஸ்டிக்கர், ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வரும், நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தாதே. உதவியும் செய்யாதே. கீழே இருக்கும் பென்சில் எழுத்தை, அளவுகளையும் கடைசியில் இருக்கும் பெயரையும், அவரே வாய்விட்டுப் படிக்கட்டும்.

காலிப்பரைத் துடைத்து உன் பையில் வைத்திருக்கிறேன். அவர் டெய்லர் என்று சொல்லாமல் உன் சொந்தப் பெயரைப் படித்து முடிக்கும் வரை அதை வெளியே எடுக்காதே.

அம்மா
குன்னம்